இன்னும் மூன்று மீட்டர் மேற்கே

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. எது நடந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அத்தானிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நேரம் எழுதாத வரி செல்லாது என்பார். நகராட்சி வரைபடப் பிரிவில் என் மேஜைமேல் ஒரு சாக்கடை வரைபடம் விரிந்திருந்தது. அக்கா போனில், "டேய், அத்தான் பேக்கரியில விழுந்துட்டாராம்டா" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா போனை வாங்கி மீதியைச் சொன்னார். சொல்லி முடித்தபோது பதினொன்று இருபத்திரண்டு.

அத்தான் பிரிட்ஜ் மெக்கானிக். கேக் அடுக்கும் கண்ணாடிப் பெட்டி குளிரவில்லை என்று அன்று காலை அந்தப் பேக்கரியில் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்து, காஸ் ஏற்றி, "பத்து நிமிஷம் பாப்போம், முள்ளு இறங்கட்டும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். முள் நாலு டிகிரிக்கு இறங்கியது. அதைச் சொல்லலாம் என்று பேக்கரிக்காரர் திரும்பியபோது அத்தான் சுவரில் சாய்ந்திருந்தார். "விழவே இல்லைங்க, உக்காந்த மாதிரியேதான் இருந்தார்" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார் பேக்கரிக்காரர். அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தப் பெட்டி இப்போது நன்றாகக் குளிர்கிறது.

பிழைப்பு பிரிட்ஜ் என்றாலும், அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் 'கட்டம்' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் ஹாம் ரேடியோ. தேர்வு எழுதி, லைசன்ஸ் வாங்கி, சொந்தக் கருவியில் முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"செல்போன்ல நீ கூப்பிட்ட ஆள்தான் எடுப்பான். இதுல யார் எடுப்பான்னே தெரியாது. அதுதான் சுவாரசியம்" என்பார் அத்தான்.

"வீட்டுல கூப்பிட்டா மட்டும் இவர் எடுக்க மாட்டார்" என்பாள் அக்கா.

ரேடியோக்காரர்கள் உலக வரைபடத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. எங்கள் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை, சனி ஞாயிறு இரண்டு நாள், வி.எச்.எஃப். அலைவரிசையில் போட்டி நடத்துகிறது. எத்தனை பேரோடு பேசினீர்கள், எத்தனை கட்டங்களைத் தொட்டீர்கள், இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். நாம் நின்ற கட்டமும் சேரும், பதில் சொன்னவர் இருக்கும் கட்டமும் சேரும். வீட்டில் உட்கார்ந்து பேசுபவர்களுக்கு ஒரு பிரிவு. வண்டியில் கருவியை ஏற்றிக்கொண்டு கட்டம் விட்டுக் கட்டம் தாவுபவர்களுக்கு இன்னொரு பிரிவு. அத்தான் இரண்டாவது வகை. அந்தப் பிரிவில் பதினோரு வருஷம் போட்டியிட்டு, பதினோரு வருஷமும் இரண்டாமிடம் வாங்கினார். முதலிடம் எப்போதும் மருந்துக்கடைக்காரருக்கு. 'கட்டத்துக்குக் கட்டம் சரியில்லை' என்று சங்கத்தில் சிரிப்பார்கள். அத்தானும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச மாட்டார்.

நான் அவருடைய டிரைவர். வேறு யாரும் அந்த வேனை ஓட்டச் சம்மதிக்கவில்லை. மற்ற நாட்களில் அது காஸ் சிலிண்டரும் கம்பிரஸரும் ஏற்றிய ரிப்பேர் வேன். போட்டி என்றால் பின்கதவு ஏணியில் இரும்புக் குழாயைக் கட்டி, அதன் உச்சியில் நாலு மீட்டர் நீளத்துக்கு ஆன்டெனாவை மாட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால், பெரிய மீன் ஒன்றைத் தின்று முடித்து முள்ளை மட்டும் வண்டிமேல் செருகியது போல இருக்கும். ஒருமுறை போலீஸ்காரர் நிறுத்தினார்.

"என்னய்யா இது?"

"ரேடியோ போட்டி சார்."

"யார்கூடப் பேசறீங்க?"

"யார் பதில் சொன்னாலும் பேசுவோம் சார்."

"என்ன பேசுவீங்க?"

"நாங்க எங்க இருக்கோம்னு சொல்லுவோம். அவங்க எங்க இருக்காங்கன்னு கேட்டுக்குவோம். அவ்வளவுதான்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க கூடவே இருக்கீங்கல்ல? பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று வழிவிட்டார்.

போட்டியின் நடுவர், சங்கச் செயலாளர், விதிப் புத்தகத்தை எழுதியவர் எல்லாம் ஒரே ஆள்: ரிட்டயரான கணக்கு வாத்தியார். பதினோரு பக்க விதிப் புத்தகம் அது. அத்தான் அதை வாத்தியாரைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தார், ஓட்டை கண்டுபிடிப்பதற்காக. வண்டி ஓடும்போது பேசக் கூடாது என்று வாத்தியார் ஒரு வருஷம் விதி போட்டார். "சிக்னல்ல நின்னா அது நிக்கிறதா, ஓடறதா?" என்று அத்தான் கூட்டத்தில் எழுந்து கேட்டார். வாத்தியார் ஒரு வாரம் யோசித்து, 'இன்ஜின் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று சேர்த்தார். அடுத்த போட்டியில் ஒரு நீண்ட இறக்கத்தின் உச்சியில் அத்தான் என்னை இன்ஜினை அணைக்கச் சொன்னார். மூன்று கிலோமீட்டர் உருண்டுகொண்டே ஏழு பேரோடு பேசினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நான் எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களோடும் பேசினேன். அந்த ஏழும் செல்லாது என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். மறு வருஷ விதியில் 'இன்ஜினும் சக்கரமும்' என்று இருந்தது. அந்த 'சக்கரமும்' என்ற சொல் தன்னுடையது என்று அத்தான் கடைசிவரை பெருமைப்பட்டார்.

இன்னொரு வருஷம் அண்ணன் தம்பி இருவர் இரண்டு காரில் வந்து, எல்லாக் கட்டங்களுக்கும் ஜோடியாகப் போய், தங்களுக்குள் மட்டுமே பேசி மதிப்பெண் குவித்தார்கள். அன்றுதான் அத்தானும் வாத்தியாரும் ஒரே கட்சியில் நின்றார்கள். அது இரண்டு பேருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டம் முடிவதற்குள் வேறு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் பெரிய சண்டை ஒன்றுதான், பதினோரு வருஷமாக ஓடியது. விதிப்படி நிலையம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தைச் சொல்ல வேண்டும். நிலையம் என்றால் எது? ஆன்டெனா நிற்கும் இடமா, ஆள் உட்கார்ந்திருக்கும் இடமா? கோட்டின் மேலேயே வண்டியை நிறுத்தினால் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் இருக்கலாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேல் மாடியில் வருஷக் கூட்டம் நடக்கும். கடைசிப் பொருளாக இது வரும்.

"பேசறவன் எங்க இருக்கானோ அதுதான் நிலையம். ஆன்டெனா பேசாது" என்பார் வாத்தியார்.

"அலை கிளம்பற இடம் ஆன்டெனா சார். நான் ஒயரை இழுத்துக்கிட்டு பாத்ரூம்ல போய் உக்காந்து பேசினா, என் ஸ்டேஷன் பாத்ரூமா?"

"நீங்க செஞ்சாலும் செய்வீங்க. அதுக்கும் ஒரு விதி எழுதிடறேன்."

அதற்குள் டீ வந்துவிடும். பொருள் அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படும். வீட்டில் ஒத்திவைப்பு கிடையாது. சாப்பாட்டுத் தட்டின் இந்த ஓரத்தில் உப்பையும் அந்த ஓரத்தில் ஊறுகாயையும் வைத்து, இது ஆள், இது ஆன்டெனா, நடுவில் கோடு என்று அத்தான் விளக்காத நாள் குறைவு. "ஆன்டெனாவைச் சாப்பிட்டு முடிங்க, தட்டு கழுவணும்" என்பாள் அக்கா.

அக்காவுக்கும் லைசன்ஸ் உண்டு. எந்தக் கட்டத்துக்குப் போனாலும் பதில் சொல்ல ஒரு ஆளாவது நிச்சயமாக வேண்டும் என்று அத்தான் கெஞ்சிக் கெஞ்சித் தேர்வு எழுத வைத்தார். அவர் மூன்றாவது தடவையில் பாஸானவர். அவள் முதல் தடவையிலேயே பாஸாகிவிட்டாள். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு அவருடையதுக்கு மேலே மாட்டியதோடு சரி. சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாக்களுக்குப் பக்கத்தில் அவளுடைய செட் இருக்கும். ஒருமுறை போட்டிக்கு முந்தின நாள் இருவருக்கும் பெரிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. மறுநாள் முதல் கட்டத்திலிருந்து அத்தான் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். உடனே பதில் வந்தது. தெளிவான குரல், சரியான கட்டம். நன்றி சொல்லிவிட்டு அவள் சேர்த்தாள்: "இது போட்டிக்குப் பேசறது. உங்ககூடப் பேசலை." ஊர் முழுக்கக் கேட்டது. அந்த இரண்டு நாளில் ஆறு கட்டங்களிலிருந்து அவளோடு ஆறு முறை பேசி, கடைசிக் கட்டத்தில்தான் அத்தானால் சமாதானம் வாங்க முடிந்தது.

இந்த வருஷப் போட்டி சென்ற சனி ஞாயிறு நடந்தது.

மேற்குக் கட்டம் என்று நாங்கள் சொல்வது ஒரு வெறுங்கட்டம். அங்கே ரேடியோக்காரர் யாரும் இல்லை, அதனால் எல்லோருக்கும் அது வேண்டும். அதற்குள் நல்ல உயரமான இடம் ஒன்றே ஒன்று: குன்றின்மேல் இருக்கும் ஒரு டைல்ஸ் குடோனின் முற்றம். கட்டங்களைப் பிரிக்கும் கோடு சரியாக அந்தக் குடோனின் கேட் வழியாகப் போகிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் வரைபடத்தை வைத்து அளந்து நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். அத்தான் கேட் கம்பத்தில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தார். கேட்டுக்கு வெளியே கிழக்கு, உள்ளே மேற்கு. முற்றம் முழுக்க டைல்ஸ் அடுக்கியிருக்கும், காவலாளி எங்களைக் கேட்டை ஒட்டி உள்ளே நிறுத்தத்தான் விடுவார். வண்டியின் பின்பக்கம் மஞ்சள் பொட்டைத் தாண்டினால் போதும், நிறுத்திவிடுவோம். போனில் பார்த்துச் சரிபார்க்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "போன்ல வர்ற புள்ளி அஞ்சு மீட்டர் அங்கயும் இங்கயும் ஆடும் மாப்ள. கம்பம் ஆடுமா?" என்றார்.

ஞாயிறு மதியம் இரண்டே முக்காலுக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். காற்று நன்றாக இருந்தது. அத்தான் என் பக்கத்து சீட்டில் மடிமேல் தொடர்புகளை எழுதும் லாக் நோட்டோடு உட்கார்ந்து ஒன்பது பேரைப் பிடித்தார். ஒன்பதாவது அக்கா.

"மேற்குக் கட்டம், அம்மணி. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதியாச்சு. எப்ப வருவீங்க?"

"ஆறு மணி ஆகும். பால் வாங்கிட்டு வரணுமா?"

"வேண்டாம். போன தடவை வாங்கின பாலை வண்டியிலேயே மூணு நாள் வெச்சிருந்தீங்க. பிரிட்ஜ் மெக்கானிக்."

காற்றலையில் யாரோ சிரித்தார்கள். அத்தான் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நேரம் எழுதினார்: மூன்று பதினேழு.

அன்று மாலையே மருந்துக்கடைக்காரர் தன் மதிப்பெண்ணை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டார்: ஆயிரத்து அறுநூற்று நாற்பது. அத்தான் வேனுக்குள்ளேயே கூட்டிப் பெருக்கினார். நூற்று இருபத்தொரு தொடர்பு, பதினைந்து கட்டம். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. மறுபடி பெருக்கினார். என்னிடம் நோட்டைக் கொடுத்து என்னையும் பெருக்கச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விரலால் டேஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கும்போது, "கோப்பை டிவி மேல வெச்சா உங்க அக்கா திட்டுவாளா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஆபீசில் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. டைல்ஸ் குடோன் பெரிய லாரிகள் திரும்புவதற்காக முற்றத்தை அகலப்படுத்தியிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டையும் வேலியையும் சாலைப் பக்கம், அதாவது கிழக்கே, மூன்று மீட்டர் நகர்த்தியிருந்தார்கள். அதே கம்பங்களைத் தோண்டியெடுத்து மறுபடி நட்டிருந்தார்கள். அத்தானின் மஞ்சள் பொட்டும் கம்பத்தோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. கோடு நகரவில்லை.

சாயங்காலம் டேப்போடு போய் அளந்தேன். அளந்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஃபைலை மூடி அடுக்கில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பாட்டுக்கு டிவிமேல் இடம் ஒதுக்கிக்கொண்டு இன்னும் ஒரு நாளைச் சந்தோஷமாகக் கழித்திருப்பார். ஆனால் அத்தானோடு வண்டி ஓட்டியவனால் அளந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. நேராக அத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் பழைய பேப்பரில் வேனை வரைந்தார். ஐந்து மீட்டர் வேன். பின்பக்கம் கேட் கம்பத்தை ஒட்டி. கோடு எங்கே போகிறது என்று என்னைப் போடச் சொன்னார். முன் சீட்டின் முதுகுக்குப் பின்னால் போட்டேன்.

"அப்ப என் சீட்டு?"

"மேற்குல அத்தான். அரை மீட்டர்."

"ஆன்டெனா?"

"கிழக்குல."

பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வேன் அங்கேயேதான் நின்றது.

"அப்ப வாத்தியார் விதிப்படி நான் ஜெயிச்சிட்டேன்."

"ஆமா அத்தான்."

"என் விதிப்படி?"

அவருக்கே தெரியும். ஆன்டெனாதான் நிலையம் என்றால், அந்த ஒன்பது பேரிடமும் தப்பான கட்டத்தைச் சொல்லியிருக்கிறார். ஒன்பதும் போகும், மேற்குக் கட்டமும் போகும். நூற்றுப் பன்னிரண்டு, பதினாலு கட்டம்: ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தெட்டு. பன்னிரண்டாவது முறையாக இரண்டாமிடம்.

சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "வாத்தியார் சொல்றதுதான் சரின்னு ஒத்துக்கங்களேன். ஒரு போன்தானே."

"செத்தாலும் மாட்டேன்" என்றார் அத்தான்.

அந்த வார்த்தையை அதற்கப்புறம் வீட்டில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். ஆறரை மணிக்கே லாக் நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். நோட்டில் எதையும் கிறுக்கி அழிக்கக் கூடாது, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வாத்தியாரின் விதி, பக்கம் ஏழு. அத்தான் ஒவ்வொரு வரியாக அடித்திருக்கிறார். ஏழு மணிக்கு அக்கா டீ கொண்டுபோனபோது எட்டு வரி முடிந்திருந்தது. ஸ்கேல் ஒன்பதாவது வரிக்குக் கீழே இருந்தது. எட்டரைக்குப் பேக்கரியிலிருந்து போன் வந்தபோதும் ஸ்கேல் அங்கேயே இருந்தது.

"ஒன்றரை மணி நேரம் என்னதான் யோசனைன்னு கேட்டேன்டா. 'ஒண்ணுமில்ல, பேனா எழுதலை'ன்னார்" என்றாள் அக்கா.

நான் அந்தப் பேனாவை எடுத்து ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். நன்றாக எழுதியது. பக்கம் ஏழுக்கு விரோதமாகக் கிறுக்கிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது.

ஒரே ஒரு தொடர்பு மிஞ்சினாலும் கட்டம் கணக்கில் சேரும். நூற்றுப் பதிமூன்று, பதினைந்து கட்டம்: ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து. மருந்துக்கடைக்காரரைவிட ஐம்பத்தைந்து அதிகம். முதலிடம் அந்த ஒரு வரியில் இருந்தது. அது தெரியாமல் அத்தான் ஸ்கேலைப் பிடித்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வாத்தியார் வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கதவருகே மாட்டியிருந்த இரண்டு சான்றிதழ்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து டைப் செய்த ஒரு தாளை எடுத்தார். அதை அக்காவிடம் நீட்டினார்.

"உங்ககிட்ட முதல்ல காட்டணும்னு வந்தேம்மா. இதுவரைக்கும் யாருக்கும் அனுப்பலை."

அக்கா படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். ஒரே வரி. 'நிலையம் என்பது ஆன்டெனா நிற்கும் இடமே.' கீழே அவருடைய கையெழுத்து.

"அவர் சொன்னதுதான் சரி" என்றார் வாத்தியார். "எனக்கு மூணு வருஷம் முன்னாடியே தெரியும். ஒத்துக்க மனசு வரலை. ஒத்துக்கிட்டா அப்புறம் கூட்டத்துல எங்களுக்குப் பேச என்ன இருக்கு? லாக் வாங்கற கடைசி நேரம் வரைக்கும் விதிக்கு விளக்கம் குடுக்கற அதிகாரம் நடுவருக்கு உண்டு. அதனால இந்த வருஷத்துலேர்ந்தே இது செல்லும். அவருக்கு நான் செய்யக்கூடியது இதுதானேம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் லாக் நோட்டையும் வேன் படம் வரைந்த பேப்பரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, கேட் நகர்ந்த கதையைச் சொன்னேன்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அடித்த எட்டு வரிகளைப் பார்த்தார். உதடு அசைய மனசுக்குள் பெருக்கினார். பெருக்கி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னய்யா மனுஷன்" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "ஜெயிக்க விடறேன்னாலும் விட மாட்டேங்கறார்."

பிறகு தன் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். "இதை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்மா. பழைய மாதிரியே இருக்கட்டும். அவர் மேற்குலதான் உக்காந்திருந்தார். ஒரு வரி மிச்சம் இருக்கே, அது போதும்."

"அந்த ஒரு வரி நான்தான் சார்" என்றாள் அக்கா.

அவர் குனிந்து அந்த வரியில் இருந்த அழைப்புக் குறியை, அக்காவின் லைசன்ஸில் இருக்கும் அதே எழுத்துகளை, படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தத் தாளை இப்படிக் குடுங்க" என்று கை நீட்டினாள் அக்கா. "பதினோரு வருஷமா இந்த வீட்டுல சோறு ஆறிப்போனது இதனாலதான். இப்பத்தான் ஜெயிச்சிருக்கார். ஜெயிச்சதைப் பிடுங்கிக்கிட்டுக் கோப்பையைக் குடுக்காதீங்க."

"கோப்பை வேண்டாமாம்மா?"

"டிவி மேல வெச்சா துடைக்கறது யாரு?"

வாத்தியார் தாளை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடிக்காமல் சான்றிதழ் சட்டத்தின் ஓரத்தில் செருகினாள், அத்தானுடைய சட்டத்தில். பிறகு, ஒன்பதாவது வரியை யார் அடிப்பது என்ற கேள்வி வந்தது. வாத்தியார் தானாகவே பழைய குரலுக்குத் திரும்பினார்.

"நடுவர் அடிக்கக் கூடாது. வண்டியில கூடப் போனவர் அடிச்சுக் கையெழுத்துப் போடலாம். பக்கம் ஏழு. லாக் எனக்கு நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள்ள வந்து சேரணும். பன்னிரண்டு ஒண்ணுன்னா வாங்க மாட்டேன்."

"தெரியும் சார்" என்றேன்.

"ஓரத்துல யாரோ கிறுக்கியிருக்காங்க" என்று நோட்டைக் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அக்கா சமையலறைக்குப் போனாள். அத்தான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை இழுத்துவைத்துக்கொண்டேன். ஸ்கேலை வரிக்குக் கீழே சரியாக ஒட்டிவைத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். முடிவு செய்தாகிவிட்டது. அவரும் எட்டு வரி வரைக்கும் முடிவு செய்திருந்தார். வேன் நின்றிருக்க வேண்டிய இடம் அன்று நின்ற இடத்திலிருந்து இன்னும் மூன்று மீட்டர் மேற்கே. மூன்று மீட்டர் என்பது எங்கள் வேனின் முன்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றக்கூடப் போதாத தூரம்.

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் நின்றது.

"போட்டுட்டியாடா?"

"பேனா எழுதலைக்கா."

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. "நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல" என்றாள்.

நோட்டை நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எட்டு வரிகளில் ஸ்கேல் வைத்த கோடும், ஓரத்தில் அத்தானின் சின்னக் கையெழுத்தும் இருக்கின்றன. ஒன்பதாவது வரியில் மூன்று பதினேழு என்று நேரம் இருக்கிறது, அக்காவின் அழைப்புக் குறி இருக்கிறது, மேற்குக் கட்டம் என்று இருக்கிறது. கோடு இன்னும் போடவில்லை.